பஸ் கிளம்பும் முன்: பொறியியல் கல்லூரியில் மாணவர் சங்கம் தொடங்கி, நடத்தி, கைமாற்றிக் கொடுக்க ஒரு முழு வழிகாட்டி

நான் படித்த கல்லூரியில் கடைசி வகுப்பு 4.10க்கு முடியும், கல்லூரிப் பேருந்து 4.20க்குக் கிளம்பும். இடைப்பட்ட அந்தப் பத்து நிமிடத்தில்தான் எங்கள் துறையின் நான்கு சங்கங்களும் 'இயங்கின'. யாராவது ஒரு சீனியர் வகுப்பு வாசலை மறித்து நின்று, "கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போங்கப்பா" என்பார். தாளில் அறுபது கையெழுத்து விழும். ஆண்டு முடிவில் அந்தத் தாள் ஓர் அறிக்கையின் பின்னிணைப்பாகும்.

இரண்டு வருடம் அப்படிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மூன்றாம் வருடம் செயலாளராகி, வாசலில் நின்று கையெழுத்து வாங்கியிருக்கிறேன். பின்பு வேறொரு கல்லூரியில் ஆசிரியராகி, 'ஸ்டாஃப் கோஆர்டினேட்டர்', அதாவது சங்கத்துக்குப் பொறுப்பான ஆசிரியர், என்ற பெயரில் அந்த அறிக்கையையும் எழுதியிருக்கிறேன். செத்த சங்கத்தையும் உயிருள்ள சங்கத்தையும் பிரிப்பது என்ன என்று கேட்டால் இரண்டைத்தான் சொல்வேன்: வாரத்தில் ஒரு நாள் தவறாமல் நடக்கும் வேலை, அடுத்த பேட்ச்சுக்குப் பொறுப்பைக் கைமாற்றும் முறை. திறப்பு விழா, குத்துவிளக்கு, பொன்னாடை, சிம்போசியம் என்ற வெளிக் கல்லூரி மாணவர்களுக்கான போட்டி விழா எல்லாம் அதற்கப்புறம்தான்.

இதை அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி மாணவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். ஐ.ஐ.டி., என்.ஐ.டி.யில் படிப்பவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது. சென்னை ஐ.ஐ.டி.யில் 2008இல் தொடங்கிய புத்தாக்க மையமான சி.எஃப்.ஐ.யிலிருந்து ரஃப்தார் பந்தயக் கார் அணியும், 2019இல் அமெரிக்காவில் ஸ்பேஸ்எக்ஸ் நடத்திய ஹைப்பர்லூப் போட்டியின் இறுதிக்குப் போன ஆவிஷ்கார் அணியும் வந்ததைப் பெருமையாகச் சொல்கிறோம். அவர்களிடம் இருக்கும் அறிவை விட, மாலை ஐந்து மணிக்கு மேல் அவர்களிடம் இருக்கும் நேரத்தைப் பார்த்துத்தான் எனக்குப் பொறாமை. எல்லாரும் விடுதியில் இருக்கிறார்கள். நம் பிள்ளைகளில் பாதிப்பேர் 4.20க்கு ஜன்னலோர சீட் பிடிக்க ஓட வேண்டும்.

1. எதில் சேருவது?

முதலாண்டு வகுப்பு தொடங்கிய ஒரு மாதத்துக்குள் ஏழெட்டுப் பேர் படிவத்தோடு வருவார்கள். எல்லாம் ஒன்று போலவே தெரியும். அப்படியில்லை.

துறைச் சங்கம் என்பது நீங்கள் கேட்காமலே உறுப்பினராகும் இடம். கட்டணமும் பெரும்பாலும் கல்லூரிக் கட்டணத்துக்குள் ஒளிந்திருக்கும். இதற்கென்று தனியாகச் சேர வேண்டியதில்லை. அதன் பணம் எங்கே போகிறது என்று மட்டும் கேட்டு வையுங்கள்.

தொழில்முறை அமைப்புகளின் மாணவர் கிளைகள் அடுத்த வகை. மின்னியல், மின்னணுவியல், கணினி மாணவர்களுக்கு ஐ-ட்ரிபிள்-ஈ. வாகனம், இயந்திரவியல் பக்கம் எஸ்.ஏ.இ. இந்தியா, கணினிக்கு சி.எஸ்.ஐ., ஏ.சி.எம்.; எல்லாத் துறைக்கும் பொதுவாக ஐ.எஸ்.டி.இ.யும், 1920இல் தொடங்கிய இன்ஸ்டிடியூஷன் ஆஃப் இன்ஜினியர்ஸும். இவற்றுக்குச் சந்தா உண்டு. கட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். கிளை சென்ற வருடம் என்ன செய்தது? சந்தா எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை? ஐ-ட்ரிபிள்-ஈ உறுப்பினர் ஆண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும்; நம் கல்லூரி ஆண்டு அதற்கு நடுவில் தொடங்கும். தேதி பார்க்காமல் கட்டிவிட்டு, சில மாதத்திலேயே 'புதுப்பிக்கவும்' என்று மின்னஞ்சல் வந்ததும் திகைத்து நின்ற பிள்ளைகள் என் வகுப்பிலேயே உண்டு.

போட்டி அணிகள் தனி உலகம். அவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். கூகுளின் மாணவர் குழுவான ஜி.டி.ஜி. ஆன் கேம்பஸ் போன்றவற்றுக்குக் காசு கிடையாது. ஆனால் நடத்தும் மாணவர் யார் என்பதைப் பொறுத்தே அதன் தரம்.

என்.எஸ்.எஸ்., என்.சி.சி., இளைஞர் செஞ்சிலுவைச் சங்கம் ஆகியவற்றை இந்தப் பட்டியலில் கடைசியில் போடுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அண்ணா பல்கலைக்கழக ரெகுலேஷன்கள் (படிப்புக்கான விதித் தொகுப்புகள்) பலவற்றில், இவற்றில் ஒன்றில் சேர்ந்து சுமார் 80 மணி நேரப் பயிற்சியும் ஏழு நாள் முகாமும் முடிக்க வேண்டும் என்றே இருந்திருக்கிறது. உங்கள் ரெகுலேஷனில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். எப்படியும் ஒன்றில் சேரத்தான் போகிறோம் என்றால், சீனியர் சொன்னார் என்று சேராமல் யோசித்துச் சேருங்கள். ராணுவ ஆசை இருப்பவருக்கு என்.சி.சி. 'சி' சான்றிதழ் கையில் இருந்தால், எழுத்துத் தேர்வு இல்லாமல் நேரடியாக எஸ்.எஸ்.பி. எனும் ராணுவ அதிகாரித் தேர்வு வாரியத்தின் நேர்முகத்துக்குப் போகும் சிறப்பு வழி இருக்கிறது. இது தெரியாமல் இறுதியாண்டில் வந்து கேட்பவர்கள் ஆண்டுதோறும் இரண்டு பேராவது உண்டு.

தமிழ் மன்றத்தைக் கவிதை எழுதுபவர்களின் இடம் என்று ஒதுக்காதீர்கள். மேடையில் ஐந்து நிமிடம் தடுமாறாமல் பேசக் கற்றுக்கொள்ள அதைவிடச் செலவில்லாத இடம் கல்லூரியில் கிடையாது. அண்ணா பல்கலைக்கழகத்தில் 2010 முதல் சிவிலும் மெக்கானிக்கலும் தமிழ்வழியில் நடக்கின்றன. அந்த மாணவர்களையும் ஆங்கிலவழி மாணவர்களையும் ஒரே அறையில் உட்காரவைப்பது பல இடங்களில் தமிழ் மன்றம்தான்.

முதலாண்டில் எல்லாவற்றையும் எட்டிப் பாருங்கள். இரண்டாமாண்டில் இரண்டோடு நிறுத்துங்கள்: ஒன்று துறை சார்ந்தது, ஒன்று சாராதது. சட்டைப் பையில் ஆறு பேட்ஜ் குத்தியவரை நேர்முகத்தில் மடக்க ஒரு கேள்வி போதும்: "இதில் நீங்கள் என்ன செய்தீர்கள்?"

2. புதிதாகத் தொடங்கும் முன், செத்ததைத் தேடுங்கள்

"சார், எங்க காலேஜ்ல ரோபோட்டிக்ஸ் கிளப் இல்ல, நாங்க ஆரம்பிக்கிறோம்" என்று வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது: அலுவலகத்தில் போய்ப் பழைய கோப்பைக் கேள். பத்தில் ஐந்து முறை, ஐந்தாறு வருடத்துக்கு முன் அதே பெயரில் ஒரு கிளப் இருந்திருக்கும். பீரோவில் துருப்பிடித்த மோட்டார்கள், ஓர் ஆர்டுயினோ (சிறு மின்னணுக் கட்டுப்பாட்டுப் பலகை) பெட்டி, கடிதத் தலைப்புத் தாள்கள் கிடைக்கும். வங்கிக் கணக்கில் ஆயிரம் இரண்டாயிரம் தூங்கிக்கொண்டிருப்பதும் உண்டு.

செத்ததை உயிர்ப்பிப்பது புதிதாகத் தொடங்குவதை விட எளிது. முதல்வர் அனுமதி ஏற்கெனவே இருக்கிறது. துறைத் தலைவருக்குப் புதிதாக எதையும் புரியவைக்க வேண்டியதில்லை. மேலும் அது ஏன் செத்தது என்று விசாரித்தால், உங்கள் சங்கம் எப்படிச் சாகப்போகிறது என்றும் தெரிந்துவிடும். பெரும்பாலும் ஒரே கதை: கெட்டிக்கார பேட்ச் ஒன்று நடத்தியது, அது படித்து முடித்துப் போனது, யாரிடமும் கடவுச்சொல் இல்லை.

3. ஸ்டாஃப் கோஆர்டினேட்டரைத் தேர்ந்தெடுப்பது

அனுமதிக் கடிதத்தில் ஓர் ஆசிரியரின் பெயர் வேண்டும். மாணவர்கள் வழக்கமாகப் போவது துறையிலேயே அதிகம் பிடித்த ஆசிரியரிடம். அவரிடம் ஏற்கெனவே நான்கு பொறுப்பு இருக்கும். தேர்வுப் பிரிவு வேலையும் இருக்கும். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று வருடமான, முனைவர் பட்ட வேலையின் கடைசிக் கட்டத்தில் மூழ்கிவிடாத, முக்கியமாகத் தனியாகச் சொந்த வண்டியில் வந்து போகும் ஒருவரைப் பாருங்கள். அவரும் கல்லூரிப் பேருந்தில் வருபவர் என்றால் 4.20க்கு உங்களோடு சேர்ந்து அவரும் ஓடுவார்.

அவரிடம் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். ஒரே ஒரு தாள்: சங்கத்தின் பெயர், ஆறு வாரத்துக்கு என்ன செய்யப்போகிறோம், எந்த அறை, எவ்வளவு பணம், யார் யார் பொறுப்பு. "சார், நீங்க கையெழுத்து மட்டும் போட்டா போதும், எல்லாத்தையும் நாங்க பாத்துக்கறோம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஏதாவது நடந்தால் நிர்வாகம் கூப்பிட்டுக் கேட்பது அவரைத்தான். அது தெரிந்த ஆசிரியர் அந்த வாக்கியத்தைக் கேட்டதும் பின்வாங்குவார்.

ஆய்வக உதவியாளரை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சாவி அவரிடம்தான் இருக்கிறது. அவரை 'அண்ணா' என்று வாயால் கூப்பிட்டால் போதாது; எத்தனை மணிக்கு ஆய்வகத்தை விடுவோம் என்று சொன்னீர்களோ, அந்த மணிக்கு விடுங்கள். ஒருநாள் அவருடைய ஊர் பஸ் தவறினால், அடுத்த ஆறு மாதம் அந்த ஆய்வகம் உங்களுக்குக் கிடையாது.

4. கடிதம்

எங்கள் கல்லூரிகள் கடிதத்தில் ஓடுகின்றன. அனுப்புநர், பெறுநர், நடுவில் 'வழியாக' என்று ஒரு வரி. அந்த 'வழியாக'வில் துறைத் தலைவரை விட்டுவிட்டு நேராக முதல்வருக்கு எழுதினால், திரும்பி வரும். கூடவே துறைத் தலைவரின் வருத்தமும் வரும். வரிசை இப்படி: கோஆர்டினேட்டர், துறைத் தலைவர், தேவைப்பட்டால் டீன், பிறகு முதல்வர். பணம் சம்பந்தப்பட்டால் முதல்வருக்குப் பின் நிர்வாக அலுவலகம்.

கடிதம் ஒரு பக்கத்துக்குள் இருக்க வேண்டும். தேதி, நேரம், இடம், எத்தனை பேர், வகுப்பு நேரத்திலா வெளியிலா, செலவு எவ்வளவு, அந்தச் செலவு எங்கிருந்து வருகிறது. துறைத் தலைவர் முதலில் தேடுவது இந்த ஒன்றைத்தான்: "எத்தனை பேருக்கு ஓ.டி.ப்பா?" ஓ.டி. (ஆன் டியூட்டி) என்பது, சங்க வேலைக்காக வகுப்புக்கு வராதவரை வந்ததாகக் கணக்கிடும் அனுமதி. அந்த எண்ணிக்கையைக் கடிதத்தின் நடுவில் புதைக்காமல் மேலேயே எழுதுங்கள். நகல் எடுத்துக்கொண்டு, கொடுத்த தேதியை நகலில் குறித்து வையுங்கள். வாய்மொழியாகக் கிடைத்த அனுமதி, ஆள் விடுப்பில் போன அன்றே காணாமல் போய்விடும்.

5. ஆறு வாரம், ஒரு கிழமை

இதுதான் முழு வழிகாட்டியின் நடு. திறப்பு விழா வைக்காதீர்கள். குறைந்தது ஆறு வாரம் வேலையை நடத்திவிட்டுப் பிறகு விழாவை யோசியுங்கள்.

முதலில் நேரம். பேருந்து மாணவர்களையும் விடுதி மாணவர்களையும் ஒரே நேரத்தில் பிடிக்க மூன்று வழிகள்தான் உண்டு. மதிய உணவு இடைவேளையில் 25 நிமிடம், கால அட்டவணையில் 'நூலகம்' அல்லது 'அசோசியேஷன்' என்று தூங்கும் பிரியடை உண்மையிலேயே பயன்படுத்துவது, அல்லது சனிக்கிழமை. நான் இரண்டாவதைத்தான் சிபாரிசு செய்வேன். பல கல்லூரிகளில் அந்தப் பிரியட் தாளில் இருக்கும். நடைமுறையில் சிலபஸ் முடிக்காத ஆசிரியர் எடுத்துக்கொள்வார். துறைத் தலைவரிடம் அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது, கையால் செய்யும் வேலை. பி.பி.டி. போட்டுப் பேசுவதற்கு வகுப்பே போதும். இயந்திரவியலா? பழைய பைக் இன்ஜின் ஒன்றை இரும்புக் கடையில் எடைக்கு வாங்குங்கள். சென்னையில் புதுப்பேட்டை, கோவையில் உக்கடம். ஒரு வாரம் பிரிப்பது, ஒரு வாரம் கழுவி அளப்பது, இரண்டு வாரம் திரும்பப் பூட்டுவது. பூட்டி முடித்த பின் கையில் இரண்டு போல்ட் மிஞ்சும். அதைத் தேடிக் கண்டுபிடிப்பது ஐந்தாம் வாரம். மின்னணுவியலா? சென்னை ரிச்சி தெருவின் மின்னணுக் கடைகளில் வாங்கிய உதிரிபாகங்களோடு சால்டரிங்கிலிருந்து தொடங்குங்கள். மூன்றாமாண்டிலும் சால்டரிங் இரும்பைப் பிடிக்கத் தெரியாதவர்கள் வகுப்பில் பாதிப்பேர் இருப்பார்கள். கேட்டால் வெட்கப்பட்டுச் சொல்ல மாட்டார்கள். சிவில் மாணவர்கள் டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவியை எடுத்துக்கொண்டு வளாகத்தையே அளக்கலாம். மழை பெய்தால் எந்தக் கட்டிடத்தின் முன் தண்ணீர் தேங்குகிறது என்று மட்ட வரைபடம் போட்டு முதல்வரிடம் கொடுத்த ஒரு சிவில் சங்கத்தை எனக்குத் தெரியும். அதற்குப் பின் அவர்கள் கேட்ட எதற்கும் 'பார்க்கலாம்' என்ற பதில் வரவில்லை. கணினி மாணவர்களுக்கு நான் சொல்லித் தர ஒன்றுமில்லை. நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிவு செய்துவைக்கும் கிட் (Git) மென்பொருளைப் பழகுவதிலிருந்து தொடங்கட்டும்.

முதல் வாரம் ஐம்பது பேர் வருவார்கள். இரண்டாம் வாரம் இருபத்தைந்து. நான்காம் வாரம் ஒன்பது பேர். இதைக் கண்டு மனம் உடைந்து பலர் விட்டுவிடுகிறார்கள். அந்த ஒன்பது பேர்தான் சங்கம். அந்த வாரமும் கதவைத் திறங்கள்.

6. பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுப்பது

மாணவர் பேரவைத் தேர்தலுக்கு 2006இல் லிங்டோ குழு விதிகள் வகுத்தது. 75 சதவீத வருகைப்பதிவு, செலவுக்கு 5,000 ரூபாய் உச்சவரம்பு எல்லாம் அதில் உண்டு. ஆனால் நம் தனியார் பொறியியல் கல்லூரிகளின் சங்கங்களில் தேர்தல் என்ற பேச்சே பெரும்பாலும் கிடையாது. துறைத் தலைவர் சி.ஜி.பி.ஏ. பட்டியலை எடுத்து, முதல் இரண்டு பேரைத் தலைவர், செயலாளர் ஆக்கிவிடுவார். முதல் மதிப்பெண் எடுப்பவர்கள் மோசமானவர்கள் என்று சொல்ல வரவில்லை. பாவம், அவர்களுக்கு நேரமில்லை.

வழி ஒன்று இருக்கிறது. தலைவர் பதவிக்கு அவர் சொல்லும் பெயரை ஏற்றுக்கொள்ளுங்கள். செயலாளர், பொருளாளர், ஸ்டோர் பொறுப்பு மூன்றையும் மட்டும், ஆறு வாரமும் தவறாமல் வந்தவர்களிலிருந்து எடுக்க அனுமதி கேளுங்கள். வருகைத் தாளைக் காட்டிக் கேட்டால் மறுப்பது கடினம். மூன்றில் ஒருவராவது பெண்ணாகவும், ஒருவராவது பேருந்தில் வருபவராகவும் இருக்கட்டும். விடுதிப் பையன்கள் மட்டும் நடத்தும் சங்கம், கூட்டத்தை இரவு ஒன்பது மணிக்கு வைத்துவிட்டு "பொண்ணுங்க யாரும் வர்றதில்ல சார்" என்று புகார் சொல்லும். பெண்கள் விடுதிக் கதவு ஆறரைக்கே பூட்டியாயிற்று. போட்டி வேலைக்காக ஒர்க்ஷாப்பில் மாலை தங்க வேண்டியிருந்தால், பெயர்ப் பட்டியலோடு வார்டனுக்குத் தனிக் கடிதம் கொடுங்கள். வீட்டுக்கு ஸ்டாஃப் கோஆர்டினேட்டரே ஒரு முறை போன் செய்து பேசட்டும். அந்த ஒரு போனுக்குப் பிறகு பிரேக் லைன் போடுவதில் கெட்டிக்காரியாகி, மறுவருடம் அணித்தலைவியான மாணவியைப் பார்த்திருக்கிறேன். அந்த அம்மாவுக்குத் தெரிய வேண்டியிருந்தது, கூட யார் இருப்பார்கள், எத்தனை மணிக்கு அறைக்குத் திரும்புவாள் என்ற இரண்டே விஷயம்தான்.

7. பணம்

பொருளாளரின் சொந்த ஜி-பே எண்ணுக்குப் பணம் வாங்காதீர்கள். எத்தனை நல்ல பையனாக இருந்தாலும் வேண்டாம். செயலாளராக இருந்தபோது நானே செய்த தவறு இது. சிம்போசியம் பதிவுக் கட்டணம் என் கணக்கில் வந்து, வீட்டிலிருந்து வந்த விடுதிக் கட்டணத்தோடு கலந்து, கடைசியில் 1,840 ரூபாய் கணக்கு இடித்தது. நான் எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரிய வழியில்லை. அப்பாவிடம் வாங்கிக் கட்டினேன்.

சங்கத்தின் பெயரில் கணக்கு; கோஆர்டினேட்டரும் துறைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்ற ஏற்பாடு. அது முடியாவிட்டால், கல்லூரி அலுவலகமே வசூலித்து ரசீது தரட்டும். ஒவ்வொரு செலவுக்கும் பில். டீக்கடையில் பில் கிடைக்காது. அதற்கு வவுச்சர் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

சிம்போசியத்தில் பணம் கொட்டும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு மாதிரிக் கணக்கு. வெளியூர் மாணவர் 150 பேர், தலைக்கு 250 ரூபாய்: வரவு 37,500. சாப்பாடு, தன்னார்வலர்களையும் சேர்த்து 190 பேருக்கு 110 ரூபாய் வீதம் 20,900. சான்றிதழ், பேனா, கோப்பு 150 பேருக்கு 6,000. ஆறு போட்டிகளுக்கு முதல், இரண்டாம் பரிசு 15,000. ஃபிளெக்ஸ், போஸ்டர் 3,000. சிறப்பு விருந்தினர் பயணம், நினைவுப் பரிசு 5,000. மொத்தம் 49,900. துண்டு 12,400. இதுவும் 150 பேரும் வந்தால். தொண்ணூறு பேர்தான் வந்தார்கள், சாப்பாடோ 190 பேருக்குச் சொல்லியாயிற்று என்றால் துண்டு 27,400. எனவே நன்கொடையாளர் உறுதியான பிறகே தேதி. வெளிநாட்டுப் படிப்பு ஆலோசனை மையங்களும் பயிற்சி நிறுவனங்களும் பணம் தரும். பதிலுக்கு உங்கள் மாணவர்களின் தொலைபேசி எண்களைக் கேட்கும். ஃபிளெக்ஸில் பெயர் போடுங்கள், அரங்கில் மேசை கொடுங்கள், எண்களைக் கொடுக்காதீர்கள்.

8. சிம்போசியம் வேண்டுமா?

கிண்டி பொறியியல் கல்லூரியின் சி.இ.ஜி. டெக் ஃபோரம் நடத்தும் குருக்ஷேத்ரா, திருச்சி என்.ஐ.டி.யின் ப்ரக்யான், சென்னை ஐ.ஐ.டி.யின் சாஸ்த்ரா எல்லாம் மாணவர்களே தோளில் தூக்கும் பெரிய விழாக்கள். அவற்றைப் பார்த்துவிட்டு நாமும் பத்துப் போட்டி, 'நான்-டெக்னிக்கல்' ஐந்து, டி.ஜே. என்று இறங்குகிறோம். முந்நூறு பேர் படிக்கும் துறைக்கு அது தேவையில்லை. தரமாக நடத்தப்பட்ட இரண்டு போட்டிகளுக்கு அடுத்த ஆண்டும் ஆள் வரும்.

தேதியை இன்டர்னல் தேர்வு, பல்கலைக்கழகச் செய்முறைத் தேர்வு இரண்டையும் பார்த்துக் குறியுங்கள். கட்டுரை வாசிப்புக்கு நடுவர்களாக உள்ளூர்த் தொழிற்சாலையில் வேலை செய்யும் பழைய மாணவர்கள் இருவரையாவது கூப்பிடுங்கள். சிறப்பு விருந்தினரும் அப்படியே: பெரிய பதவியில் இருப்பவர் 'கலாம் கனவு காணச் சொன்னார்' என்று அரை மணி நேரம் பேசிவிட்டுக் கிளம்புவார். ஐந்து வருடத்துக்கு முன் உங்கள் பெஞ்சில் உட்கார்ந்து, இன்று ஒரு ஃபவுண்டரியில் ஷிஃப்ட் பார்க்கும் அண்ணன், மாலை வரை இருந்து கேள்விக்குப் பதில் சொல்வார்.

9. போட்டி அணி: இங்கேதான் பொறியியல் நடக்கிறது

எஸ்.ஏ.இ. இந்தியாவின் பாஹா போட்டி 2007இல் தொடங்கியது. மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூர் பல ஆண்டுகளாக அதன் களம். அதன் பெட்ரோல் பிரிவில் எல்லா அணிக்கும் ஒரே வகைச் சிறிய இன்ஜின். சுமார் 10 குதிரைத்திறன். அதைச் சுற்றி, குழாய்களை வளைத்து, வெல்டிங் செய்து, ஒருவர் ஓட்டும் கரடுமுரடு வண்டி ஒன்றை மாணவர்களே வடிவமைத்துக் கட்ட வேண்டும். கடைசி நாள் நான்கு மணி நேரத் தாக்குப்பிடிப்புப் பந்தயம். ஃபார்முலா வகைக் கார் கட்ட விரும்புபவர்களுக்கு எஸ்.ஏ.இ.யின் சுப்ரா இருக்கிறது. ஃபார்முலா பாரத், நம் கோவை செட்டிபாளையம் காரி மோட்டார் ஸ்பீட்வேயிலேயே நடக்கிறது. போட்டியிடாவிட்டாலும் ஒரு நாள் போய்ப் பாருங்கள்.

முதல் முறை போகும் அணிகள் பந்தயத்தில் தோற்பதில்லை. அதற்கு முன்பே, தொழில்நுட்பப் பரிசோதனையில் நின்றுவிடுகின்றன. பிரேக் அழுத்தினால் நான்கு சக்கரமும் ஒருசேரப் பூட்ட வேண்டும். ஒரு சக்கரம் உருண்டால், திரும்பிப் போய்ச் சரிசெய்து மறுபடி வரிசையில் நில். நான் கூடப் போன ஓர் அணி இப்படி இரண்டு நாள் வரிசையிலேயே கழித்தது. காரணம், வண்டி ஓடத் தொடங்கியதே ஊரிலிருந்து லாரி ஏற்றுவதற்கு மூன்று நாள் முன்புதான். எனவே உங்கள் அட்டவணையைப் பின்னாலிருந்து எழுதுங்கள்: லாரி ஏற்றும் நாள், அதற்கு ஆறு வாரம் முன் வண்டி ஓட வேண்டும், அதற்கு முன் கூண்டு வெல்டிங் முடிய வேண்டும். பட்ஜெட்டில் லாரி வாடகை, தங்குமிடம், உதிரி பாகம் மூன்றையும் முதலிலேயே எழுதுங்கள். எல்லாரும் வண்டிச் செலவை மட்டும் எழுதிவிட்டு, கடைசியில் பெற்றோரிடம் கை நீட்டுகிறார்கள்.

அவ்வளவு பணம் இல்லையா? ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான் இருக்கிறது. 2017 முதல் நடக்கிறது. அணிக்கு ஆறு பேர், அதில் ஒருவராவது பெண். முதலில் கல்லூரிக்குள் நடக்கும் சுற்றில் தேர்வாக வேண்டும். அந்த உள்சுற்றை ஒழுங்காக நடத்தும் வேலையையே உங்கள் சங்கம் எடுத்துக்கொள்ளலாம்.

நீண்ட காலத் திட்டம் என்றால் செயற்கைக்கோள்களை நினைத்துப் பாருங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 40 கிலோ அனுசாட் 2009 ஏப்ரல் 20 அன்று பி.எஸ்.எல்.வி. சி-12இல் போனது. எஸ்.ஆர்.எம். மாணவர்களும் ஆசிரியர்களும் செய்த, 11 கிலோவுக்குச் சற்றுக் குறைவான எஸ்.ஆர்.எம்.சாட் 2011 அக்டோபர் 12 அன்று சி-18இல் போனது. வருடக்கணக்கில் இழுக்கும் இந்த மாதிரி வேலையைத் தொடங்கும் இறுதியாண்டு மாணவர், ஏவும் நாளில் கல்லூரியில் இருக்க மாட்டார். அவர் எழுதிவைத்த குறிப்பேடு இருக்க வேண்டும்.

10. ஓ.டி.யும் வருகைப்பதிவும்

ஓ.டி. கிடைத்தால் வகுப்பில் இருந்ததாகக் கணக்கு. பாடம் நடந்தது நடந்ததுதான். 75 சதவீதம் என்ற கோட்டை ஓ.டி.யை நம்பி உரசாதீர்கள். கையெழுத்தான ஓ.டி. படிவத்தின் நகல் உங்கள் வகுப்பாசிரியரிடம் அதே வாரத்தில் போய்ச் சேர வேண்டும். செமஸ்டர் முடிவில் கட்டாகக் கொண்டுபோனால் யாரும் திருத்த மாட்டார்கள். ஆய்வக வகுப்பு நாளில் ஓ.டி. கேட்காமல் இருந்தால் ஆசிரியர்கள் உங்களை நம்பத் தொடங்குவார்கள்.

11. அறிக்கை

தேசிய அங்கீகார வாரியமான என்.பி.ஏ.வின் அங்கீகாரத்துக்கான சுயமதிப்பீட்டு அறிக்கையில் தொழில்முறைச் சங்கங்கள், நடத்திய நிகழ்ச்சிகள், மாணவர் இதழ்கள், வெளிக் கல்லூரிப் போட்டிகளில் பங்கேற்பு எல்லாம் கேட்கப்படும். காகிதத்தில் மட்டும் வாழும் சங்கங்கள் இத்தனை இருப்பதற்கு இதுவே காரணம். எரிச்சல்படாமல் இதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் பின் அரைப் பக்கம், இரண்டு படம், வருகைத் தாள், அதே இரவில். துறைத் தலைவர் பதறிக் கேட்கும்போது உங்களிடம் மட்டும் உண்மையான ஆவணம் இருக்கும். அன்றே பீரோவுக்கும் பட்ஜெட்டுக்கும் கடிதம் கொடுங்கள்.

12. கைமாற்றுவது

இறுதியாண்டின் ஏழாம் செமஸ்டரில் பிளேஸ்மென்ட் தொடங்கிவிடும். அதன் பிறகு நீங்கள் உடலால் மட்டும் சங்கத்தில் இருப்பீர்கள். ஆகவே பொறுப்பை ஆறாம் செமஸ்டரின் நடுவில், பிப்ரவரி வாக்கிலேயே கைமாற்றத் தொடங்குங்கள். இரண்டு மாதம் புதியவர்கள் நடத்தட்டும். நீங்கள் பின்வரிசையில் உட்காருங்கள். அவர்கள் தவறு செய்யும்போது எழுந்து மேடைக்குப் போகாமல் இருப்பதுதான் அந்த இரண்டு மாதத்தின் கடினமான வேலை.

மின்னஞ்சல், சமூக ஊடகக் கணக்குகள் எல்லாம் தொடக்கத்திலிருந்தே சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். மீட்பு எண்ணாக உங்கள் சொந்த எண்ணைக் கொடுத்திருந்தால் இன்றே கோஆர்டினேட்டரின் எண்ணாக மாற்றுங்கள். ஒரு கோப்பில் கடித மாதிரிகள், வங்கி விவரம், நன்கொடையாளர் பட்டியல், பழைய மாணவர் எண்கள், பொருள் இருப்பு. இன்னொரு மெல்லிய நோட்டில் சொதப்பியவை: எந்தக் கேட்டரிங்காரர் கைவிட்டார், எந்தக் கடிதம் ஏன் திரும்பி வந்தது, 190 சாப்பாடு சொல்லி 90 பேர் வந்த கதை. முதல் கோப்பை யாரும் புரட்ட மாட்டார்கள். இந்த நோட்டை ஜூனியர்கள் சிரித்துச் சிரித்துப் படிப்பார்கள். அடுத்த வருடம் சாப்பாடு சொல்லும் முன் ஒருமுறை எண்ணுவார்கள்.

கடைசியாகப் பீரோ. ஜூனியரோடு உட்கார்ந்து பொருள்களைப் பட்டியலோடு ஒப்பிட்டு, இருவரும் கையெழுத்திடுங்கள். ஒரு சாவி புதிய செயலாளரிடம், இன்னொன்று ஆய்வக அண்ணனிடம். வாட்ஸ்அப் குழுவில் அட்மின் பொறுப்பை மாற்றிவிட்டு, ஒரு வாரம் கழித்து வெளியேறுங்கள். சந்தேகம் இருந்தால் அவர்களே போன் செய்வார்கள். எனக்கு வந்த முதல் போன் இதுதான்: "அண்ணா, பீரோ சாவிய உள்ள வெச்சே பூட்டிட்டோம்."